பன்னிரண்டாவது நிமிடம்

என் அக்காவிடம் எதைப் பழுதுபார்க்கக் கொண்டுபோனாலும் முதலில் அவள் அதைத் தொடவே மாட்டாள். வெள்ளை டேப்பில் ஒரு துண்டு கிழித்து, கொண்டுவந்தவர் சொல்லும் குறையை அவர் வாயால் சொன்னபடியே எழுதி, அந்தச் சாமானின் தலையில் ஒட்டுவாள். "திடீர்னு கத்துது, அப்புறம் தானா அடங்கிடுது" என்று ஒரு தண்ணீர்ப் பம்ப். "என் வீட்டுக்காரர் தொட்டா மட்டும் ஷாக் அடிக்குது" என்று ஓர் இஸ்திரிப்பெட்டி. அவள் கடைக்குள் நுழைந்தால் அலமாரி முழுக்கப் புலம்பல்தான்.

"சாமான் பொய் சொல்லாதுடா. சொந்தக்காரங்கதான் ஒண்ணை விட்டுட்டுச் சொல்வாங்க. வேணும்னு இல்ல. தினமும் பண்றதா இருக்கும், அதனால அது சொல்ற விஷயமாவே தோணாது" என்பாள். அந்த விட்டுப்போன ஒன்றைப் பிடுங்கும்வரை கேள்வி மேல் கேள்வி கேட்பாள். பழுதுபார்க்க வந்தவர்கள் போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்ததுபோல் வியர்த்துப்போவார்கள்.

அவளுக்கு இன்னொரு பழக்கமும் உண்டு. பல வருடங்களுக்கு முன் கடையில் பெயிண்ட் கரைக்கும் தின்னர் டப்பா ஒன்று சரியாக மூடாமல் கிடந்து, பற்றவைப்பில் தெறித்த பொறி பட்டு, திரைச்சீலையும் அவள் இடது புருவமும் போயின. புருவம் திரும்ப வந்தது. அந்த பயம் போகவில்லை. அன்றிலிருந்து எந்த மூடியைக் கண்டாலும் இறுக்குவாள். கடையிலும் சரி, வீட்டிலும் சரி, வழியில் அடுத்தவர் ஸ்கூட்டரிலும் சரி. அவள் வீட்டில் சர்க்கரை டப்பாவைத் திறக்க அத்தான் குறடு வைத்திருக்கிறார். நான் தேநீர் கேட்டால், "சர்க்கரை வேணும்னா நீயே திற" என்று டப்பாவை என் மடியில் வைப்பார்.

அத்தான் நர்ஸ். வெளிநாட்டு ஆஸ்பத்திரியில் பதினொரு வருடம் வேலை செய்துவிட்டு, போன வருடம்தான் மொத்தமாகத் திரும்பி வந்தார். அந்தப் பதினொரு வருடமும் அவர்கள் குடும்பம் நடத்தியது போனில்தான். நள்ளிரவு டியூட்டி முடிந்து அவர் கூப்பிடும்போது இங்கே அவள் கடை திறந்துகொண்டிருப்பாள். ஒரு கையில் ஸ்க்ரூடிரைவர், தோளுக்கும் காதுக்கும் நடுவில் புருஷன். கழுத்து சுளுக்கிக்கொண்டதுதான் மிச்சம். அவர் திரும்பி வந்த அன்று அக்கா ஊருக்கே கேட்கிற மாதிரி சொன்னாள்: "இனிமே ஒருநாள் கூடத் தனியா இல்ல. சொல்லிட்டேன்."

உள்ளூர் ஆஸ்பத்திரியில் அவர் சேர்ந்து ஒரு வருடம் ஆவதற்குள் மாற்றல் கடிதம் வந்தது. எதிர்க்கரை ஆஸ்பத்திரி. எங்கள் ஊருக்கும் எதிர்க்கரைக்கும் நடுவே கடல் ஒரு கையை உள்ளே நீட்டிப் படுத்திருக்கிறது. நின்று பார்த்தால் ஆஸ்பத்திரிக் கட்டிடத்தின் நீலப் பலகை கண்ணுக்குத் தெரியும். ஆனால் சாலை சுற்றிக்கொண்டு போகிறது, பஸ்ஸில் இரண்டரை மணி நேரம். முன்பு ஓடிய பெரிய படகுச் சேவை நின்று இரண்டு வருடமாகிறது. காலை ஆறரைக்கு டியூட்டி என்றால் அங்கேயே ஹாஸ்டலில் தங்க வேண்டியதுதான், வாரம் ஒருநாள் வீடு. ஹாஸ்டல் ஆண்களுக்கு மட்டும். அக்காவின் கடையோ இங்கே, இருபது வருட வாடிக்கையோடு.

அத்தான் போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு, ஹாஸ்டல் அறைச் சாவியோடும் அவர்கள் கொடுத்த படுக்கை விரிப்பு மூட்டையோடும் வந்தார். வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த அதே பச்சைப் பெட்டியைப் பரணிலிருந்து இறக்கி, மூட்டையை அதில் வைத்தார். அக்கா அந்தப் பெட்டியைப் பார்த்தாள். மறுநாள் என்னைக் கூட்டிக்கொண்டு போய் ஒரு ஸ்பீட் போட் வாங்கிவிட்டாள்.

என்னைக் கூட்டிப் போனதற்குக் காரணம் நான் டிரைவிங் ஸ்கூல் வாத்தியார் என்பது. பதினாறு வருடமாகப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து அடுத்தவர் ஓட்டுவதைத் திட்டுவது என் பிழைப்பு. எங்கள் காரில் என் பக்கமும் ஒரு பிரேக் உண்டு. அதை மிதித்து மிதித்து என் வலது காலுக்குத் தனியாக ஒரு புத்தி வந்துவிட்டது. பயம் வந்தால் என்னைக் கேட்காமலே மிதிக்கும்.

"கார் ஓட்டறவனுக்கு போட்டைப் பத்தி என்னக்கா தெரியும்?"

"ஒண்ணும் தெரிய வேணாம். கூட உக்காரு போதும். ஏதாவது ஆச்சுன்னா திட்டத் தெரியும்ல?"

விற்றவர் போட்டோ ஸ்டூடியோக்காரர். கல்யாண ஜோடிகளைத் தண்ணீரில் வைத்துப் படமெடுக்க வாங்கினாராம். இரண்டாவது ஜோடியிலேயே மாப்பிள்ளை தண்ணீரில் விழுந்துவிட, தொழில் அதோடு நின்றது. பதினைந்தடி நீளம், வெள்ளை ஃபைபர் உடம்பு, நடுவில் ஸ்டீயரிங், பின்னால் நாற்பது குதிரைசக்தி இன்ஜின், காலடியில் கையில் தூக்குகிற மாதிரி ஒரு சிவப்பு பெட்ரோல் டேங்க். அக்கா டேப்பைக் கிழித்து, பேனாவை எடுத்தாள். ஸ்டூடியோக்காரர் யோசித்துச் சொன்னார்: "ரெண்டு வருஷமா ஓடல. மத்தபடி சூப்பர்." அதை அப்படியே எழுதி ஸ்டீயரிங்கில் ஒட்டினாள். பிறகு போட்டில் இருக்கும் மூடி, திருகு, குமிழ் எல்லாவற்றையும் தொட்டுப் பார்த்து இறுக்கினாள். பெட்ரோல் டேங்க் மூடியின் மேல் இருந்த சின்னக் குமிழ்கூடத் தளர்ந்து கிடந்தது. "எவ்வளவு அலட்சியம் பாரு, பெட்ரோல் வாசனை வெளிய வருது" என்று ஸ்டூடியோக்காரரை ஒரு முறை முறைத்தாள். அவர் படமெடுப்பதற்குச் சிரிப்பதுபோல் சிரித்து வைத்தார்.

முதல் நாள் தண்ணீரில் இறக்கினோம். கரையில் நாலு பேர் கூடிவிட்டார்கள். அதில் ஒருவர் படகுத்துறையில் இன்ஜின் வேலை பார்க்கும் பெரியவர். எதைக் காட்டினாலும் "ஆகாது" என்பதால் அவர் பெயரே ஆகாது அண்ணன் ஆகிவிட்டது. கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பார், கோபப்பட மாட்டார்.

போட் அழகாக மிதந்தது. அக்கா என்னைப் பெருமையாகப் பார்த்தாள். இரண்டு நிமிடத்தில் என் செருப்பு மிதந்தது.

"அக்கா, தண்ணி!"

"கடல்ல தண்ணி இருக்காம என்ன இருக்கும்?"

"உள்ளடீ! உள்ள!" பதற்றத்தில் அக்காவையே டீ போட்டுவிட்டேன். அதற்காகப் பிறகு ஒரு வாரம் அவளிடம் பேச்சு வாங்கினேன்.

பின்பக்கம் அடியில் ஒரு ஓட்டை. கரையேற்றும்போது உள்ளே தேங்கிய தண்ணீரை வடிப்பதற்கு. இறக்கும்போது அடைப்பானைப் போட்டுத் திருக வேண்டும். அடைப்பான் ஸ்டூடியோக்காரரின் மேசை இழுப்பறையில், பழைய நெகட்டிவ்களோடு பத்திரமாக இருந்தது. என் அக்கா இருக்கிற மூடியை எல்லாம் இறுக்கினாளே தவிர, இல்லாத மூடியை எப்படி இறுக்குவாள்? என் சட்டையைக் கழற்றி ஓட்டையில் திணித்துக் கரை சேர்ந்தோம். நான் பனியனோடு வீட்டுக்கு நடந்தேன். வழியில் என்னிடம் ஓட்டப் பழகும் இரண்டு பேர் வணக்கம் வைத்தார்கள்.

அடுத்தது சூடு. இன்ஜின் ஓடும்போது பின்னால் ஒரு சின்னத் துளையிலிருந்து தண்ணீர் பீய்ச்ச வேண்டும். அப்போதுதான் கடல் தண்ணீர் உள்ளே போய் இன்ஜினைக் குளிர வைக்கிறது என்று அர்த்தம். எங்களுடையது பீய்ச்சவில்லை, புகைந்தது. அக்கா கழற்றினாள். தண்ணீரை இழுக்கும் ரப்பர் விசிறி இரண்டு வருடம் சும்மா இருந்ததில் விறைத்து, இதழ் இதழாக உதிர்ந்திருந்தது. புதியது வாங்கிப் போட்டாள். மறுநாள் பீய்ச்சிய தண்ணீர் ஆகாது அண்ணனின் தேநீர் டம்ளரில் விழுந்தது. அவர் டம்ளரைப் பார்த்து, கவிழ்த்து, "இதெல்லாம் ஆகாது தங்கச்சி, இது இத்தோட நிக்காது" என்றார். அது மட்டும் பலித்தது.

அன்று சாயங்காலம் அத்தான் தன் நிபந்தனையைச் சொன்னார். அவருக்குத் தண்ணீர் என்றால் ஆகாது. பக்கெட் தண்ணீரை உற்றுப் பார்த்தாலே தலை சுற்றும் ஆள். ஆனால் அவர் சொன்ன காரணம் அது இல்லை.

"நடுத் தண்ணியில நின்னுட்டா, ஆறரைக்கு வீட்டுக்குப் போக வேண்டிய நைட் டியூட்டி நர்ஸ் எனக்காக நிக்கணும். அங்க படுத்திருக்கறவங்க உன் கார்புரேட்டருக்காகக் காத்திருக்க மாட்டாங்க. பத்து தடவை நிக்காம போகட்டும், நான் ஏறுறேன். போறது ஒண்ணு, வர்றது ஒண்ணு. நடுவுல ஒரு தடவை நின்னாலும் மறுபடி பூஜ்யம்."

"என் மேல நம்பிக்கை இல்லையா?"

"உன் மேல இருக்கு. அது மேலதான் இல்ல."

நோயாளியின் காய்ச்சலைக் குறிக்கும் அட்டை ஒன்றை எடுத்துவந்து, கட்டம் போட்டு, ஃபிரிட்ஜ் கதவில் மாட்டினார். நோயாளியின் பெயர் எழுதும் இடத்தில் 'போட்' என்று எழுதினார். வயது: தெரியவில்லை. அடுத்த மாதம் ஒன்றாம் தேதி திங்கட்கிழமை அவர் அங்கே சேர வேண்டும். அதற்குள் பத்து கட்டம் நிரம்ப வேண்டும், இல்லையென்றால் பச்சைப் பெட்டி கிளம்பும். எங்கள் முன்னால் மூன்று வாரம் இருந்தது.

முதல் தடவை போனோம். நான் கையில் கடிகாரமும் நேரம் எழுதுகிற சீட்டுமாக உட்கார்ந்திருந்தேன். காலைத் தண்ணீர் தகடாகக் கிடந்தது. முன்பக்கம் தூக்கிக்கொண்டு, பின்னால் வெள்ளை நுரையை விரித்துக்கொண்டு போட் பறந்தபோது அக்கா வாய்விட்டுக் கத்தினாள். நானும் கத்தினேன், அது வேறு கத்தல். பன்னிரண்டாவது நிமிடத்தில் இன்ஜின் இருமியது, திணறியது, நின்றது. சரியாக நடுவில். இரண்டு கரையும் ஒரே தூரத்தில் இருந்தன.

அக்கா டேங்க்கைத் திறந்து பெட்ரோல் இருக்கிறதா என்று பார்த்தாள், இருந்தது. இறுக்கி மூடினாள். டேங்க்கிலிருந்து இன்ஜினுக்குப் போகும் குழாயின் நடுவே கையால் அமுக்கிப் பெட்ரோல் ஏற்றும் ரப்பர் பல்பு ஒன்று இருக்கிறது. அது சப்பிக் கிடந்தது. அமுக்கினாள், சாவியைத் திருப்பினாள், எதுவும் நடக்காத மாதிரி ஓடியது. திரும்பி வரும்போதும் பன்னிரண்டாவது நிமிடத்தில் நின்றது. அத்தான் அட்டையில் இரண்டு பூஜ்யம் போட்டார், அதற்குப் பச்சை மை வேறு.

பல்புதான் என்று புது பல்பு போட்டாள். அதுவும் பன்னிரண்டாவது நிமிடத்தில் சப்பியது. குழாய் மாற்றினாள். ஃபில்டர் மாற்றினாள். கார்புரேட்டரைக் கழற்றி, அதன் துளைகளை ஒவ்வொன்றாக மெல்லிய கம்பி விட்டுச் சுத்தம் செய்து, ஊதி, மாட்டினாள். ஸ்பார்க் பிளக் புதியது. பன்னிரண்டு நிமிடம் மட்டும் மாறவில்லை. வேலைக்கு அப்படி நேரம் தவறாத ஆளை நான் என் ஸ்கூலில் பார்த்ததில்லை.

கடைசியில் இன்ஜினை மட்டும் கழற்றி, என் காரின் பின்னால் ஏற்றிக் கடைக்குக் கொண்டுவந்து, ஒரு பெரிய தண்ணீர்த் தொட்டியில் அதன் வாலை இறக்கி, ஒரு பாட்டிலில் பெட்ரோலைத் தலைகீழாகத் தொங்கவிட்டு, மேலே வந்த அதன் அடிப்பக்கத்தில் ஒரு துளை போட்டு ஓட்டிப் பார்த்தாள். முக்கால் மணி நேரம் அசராமல் ஓடியது. தெரு முழுக்கப் புகை. பக்கத்து தையல் கடைக்காரம்மா கதவைச் சாத்திக்கொண்டு உள்ளிருந்தே ஆசீர்வாதம் செய்தார்கள். மறுநாள் இன்ஜினைக் கொண்டுபோய் போட்டில் மாட்டினோம். பன்னிரண்டு நிமிடம்.

"இன்ஜினை மாத்து. இல்ல போட்டை மாத்து. இது ஆகாது" என்றார் ஆகாது அண்ணன்.

"உங்க வாயை மாத்தினா எல்லாம் ஆகும்" என்று நான்தான் சொன்னேன். அக்கா சண்டைக்கே வரவில்லை. அதுதான் எனக்கு பயமாக இருந்தது. அவள் கடையில் நாலு நாளாக யாருடைய சாமான் வேலையும் தீரவில்லை, அலமாரி நிறைந்து தரையில் வழிந்தது.

இருபத்து நான்காம் தேதி ஞாயிறு மதியம் போனபோது சமையலறை மேசையில் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். பச்சைப் பெட்டி கதவோரம் நின்றது. அக்காவின் விரல் நகமெல்லாம் கருப்பு. சாப்பாட்டுத் தட்டில் கை வைக்கவே இல்லை.

"வாரத்துக்கு ஒருநாள் வருவேன்ல" என்றார் அத்தான்.

"பதினொரு வருஷம் இதைத்தான் சொன்னீங்க. அடுத்த வருஷம் வந்துடுவேன், அடுத்த வருஷம் வந்துடுவேன்னு." அவள் அழவில்லை. கோபமாகத்தான் சொன்னாள். ஆனால் குரல் கடைசியில் உடைந்துவிட்டது. "என்னால ஊரெல்லாம் கொண்டுவர்ற குப்பையை ஓட வைக்க முடியுது. எனக்குன்னு ஒண்ணு வாங்கினேன், அதை ஓட வைக்க முடியல."

எனக்கு அழுகை வந்தால் அது கோபமாகத்தான் வெளியே வரும். மேசையிலிருந்த டேப் சுருளை எடுத்து அவள் முன்னால் போட்டேன். "ஊர்ல எல்லாரையும் விசாரிப்பல்ல? இப்ப போட்டுக்குச் சொந்தக்காரி நீதான். உன்னை யார் விசாரிச்சா?"

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். அத்தான் சட்டைப் பையிலிருந்து பச்சைப் பேனாவை எடுத்தார். டேப்பைக் கிழித்தார். ஆஸ்பத்திரியில் புது நோயாளியைக் கேட்பாரே, அந்தக் குரலில் கேட்டார்.

"சொல்லுங்க. என்ன தொந்தரவு?"

"பன்னிரண்டு நிமிஷத்துல நிக்குது."

"நிக்கறதுக்கு முன்னாடி?"

"திணறும். பல்பு சப்பிடும்."

"நின்ன உடனே நீங்க என்ன பண்ணுவீங்க?"

"பல்பை அமுக்குவேன். ஸ்டார்ட் பண்ணுவேன். ஓடும்."

"வேற ஒண்ணும் பண்ண மாட்டீங்க?"

"இல்ல."

"பொய்" என்றேன் நான். "டேங்க்கைத் திறந்து பார்ப்பா."

"அது பெட்ரோல் இருக்கான்னு பாக்கறதுடா. எப்பவும் பண்றதுதானே, அதையெல்லாமா சொல்..."

பாதியில் நிறுத்தினாள்.

"திறக்கறப்ப என்ன ஆச்சுன்னு பாத்தியா?" என்று என்னைக் கேட்டாள். குரல் மாறியிருந்தது.

"உஸ்ஸுன்னு ஒரு சத்தம் வரும்."

"காத்து வெளிய வருதா, உள்ள போகுதா?"

"அது எப்படித் தெரியும்?" என்றேன். உடனே ஞாபகம் வந்தது. "ஒரு தடவை நேரம் எழுதுற சீட்டை மூடி பக்கத்துல பிடிச்சிட்டிருந்தேன். நீ திறந்ததும் சீட்டு போய் டேங்க் வாயில ஒட்டிக்கிச்சு. ஈரம்னு நினைச்சேன்."

அக்கா தன் வலது கையை விரித்துப் பார்த்தாள். அந்தக் கையை அன்றுதான் முதல்தடவை பார்ப்பவள் மாதிரி. பிறகு தலையில் அடித்துக்கொண்டு எழுந்தாள். "முண்டம்! முண்டம்! முண்டம்!" என்று சமையலறையை மூன்று சுற்று சுற்றி வந்தாள். அத்தான் என்னையும் நான் அத்தானையும் பார்த்தோம். எங்கள் இரண்டு பேரில் யாரைச் சொல்கிறாள் என்று தெரியவில்லை.

அவளையேதான் சொல்லிக்கொண்டாள். விஷயம் இதுதான். டேங்க்கிலிருந்து பெட்ரோல் வெளியே போகப் போக, அந்த இடத்துக்குக் காற்று உள்ளே வர வேண்டும். அதற்காகத்தான் மூடியின் மேல் அந்தச் சின்னக் குமிழ். ஓட்டும்போது அதைத் தளர்த்திவிட வேண்டும். ஸ்டூடியோக்காரர் சரியாகத் தளர்த்தித்தான் வைத்திருந்தார். என் அக்கா அவரை முறைத்துவிட்டு இறுக்கினாள். ஒவ்வொரு தடவையும் இறுக்கினாள். பன்னிரண்டு நிமிடம் டேங்க் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கும், அதற்கு மேல் முடியாமல் பெட்ரோலை விடாது. அவள் திறந்து பார்த்தால் மூச்சு வந்துவிடும். மறுபடி இறுக்குவாள். கடைத் தொட்டியில் ஓடியதும் பாட்டிலில் ஓட்டை இருந்ததால்தான்.

அத்தான் டேப்பில் பொறுமையாக எழுதினார்: "மூடியை இறுக்கிட்டேன்." அதை அவள் தோளில் ஒட்டினார். அக்கா சிரித்த சிரிப்பு தெருமுனை வரை கேட்டிருக்கும். அத்தான் வெளிநாடு போனதிலிருந்து நான் அந்தச் சிரிப்பைக் கேட்டதில்லை.

சாப்பாட்டை அப்படியே மூடிவைத்துவிட்டு (இறுக்கமாகத்தான்) படகுத்துறைக்கு ஓடினோம். அத்தான் கரையில் நின்றார். அக்கா குமிழை இரண்டு சுற்றுத் தளர்த்தினாள். விரல் கூசியதோ என்னவோ, கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். கிளம்பினோம். பத்து. பதினொன்று. நான் கடிகாரத்தைப் பார்த்தேன், அவள் என்னைப் பார்த்தாள். பன்னிரண்டு. பதின்மூன்று என்று நான் கத்தியபோது பக்கத்தில் மிதந்த பறவைகள் எல்லாம் எழும்பின. இருபத்து நான்காவது நிமிடத்தில் எதிர்க்கரைச் சுவரைத் தொட்டோம். அக்கா சுவரை உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டினாள், நன்றாக ஓடிய மாட்டைத் தட்டுகிற மாதிரி. ஞாயிறு சோதனை ஓட்டம், கணக்கில் சேராது என்று அத்தான் சொல்லிவிட்டார். நர்ஸ்களிடம் சலுகை எதிர்பார்க்கக் கூடாது.

திங்கள் இரண்டு, செவ்வாய் இரண்டு, புதன் இரண்டு. விடிந்ததும் போய் வந்துவிட்டு நான் ஸ்கூலுக்கும் அவள் கடைக்கும் ஓடினோம். அட்டையில் ஆறு பச்சை டிக். அக்கா பாட்டு முணுமுணுக்க ஆரம்பித்தாள். ஆகாது அண்ணன் வேறு பக்கம் பார்த்தபடி தேநீர் குடித்தார்.

வியாழன் காலை நான் கெடுத்தேன். ஓட்டுபவர் காலில் ஒரு சிவப்புச் சுருள் கயிறு மாட்டியிருக்கும், மறுமுனை இன்ஜின் சுவிட்சில். ஓட்டுபவர் தண்ணீரில் விழுந்தால் கயிறு பிடுங்கிக்கொண்டு இன்ஜின் நின்றுவிடும். எல்லாம் சரியாகப் போய்க்கொண்டிருந்தது. திடீரென்று எதிரே ஒரு மரக்கட்டை. அக்கா அலட்டிக்கொள்ளாமல் திருப்பிவிட்டாள். ஆனால் என் வலது கால் அதற்குள் என்னைக் கேட்காமல் பிரேக்கை மிதித்துவிட்டது. பிரேக் இருந்தால்தானே? கயிற்றின் மேல் விழுந்து அதைப் பிடுங்கியது. இன்ஜின் நின்றது. கயிற்றை மாட்டிக் கிளப்பியதும் மறுபடி ஓடியது, ஆனால் நின்றது நின்றதுதான்.

"நான் சொல்ல மாட்டேன். நீயும் சொல்லாதே" என்றேன்.

அக்காவுக்கும் ஆசை இருந்தது, முகத்தில் தெரிந்தது. "சொந்தக்காரங்க ஒண்ணை விட்டுட்டுச் சொன்னாதான்டா ரிப்பேரே வருது" என்றாள். வீட்டுக்கு வந்ததும் அவளே சொன்னாள்.

"நின்னுச்சா?" என்றார் அத்தான்.

"நின்னுச்சு."

"போட் தப்பு இல்லதான்."

"ஆனா நின்னுச்சு."

அவர் பேனாவைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார். பிறகு பூஜ்யம் போட்டார். வியாழன் திரும்பி வந்ததை ஒன்று என்று குறித்தார். அன்றைக்கு என் காலை வெட்டிக் கடலில் போட்டாலும் எனக்குச் சம்மதம்தான். வெள்ளிக்கிழமை நான் போட்டில் ஏறும்போதே அக்கா ஒரு சின்ன மரப்பலகையை என் பக்கம் திருகி மாட்டியிருந்தாள். "இது உன் பிரேக். எவ்வளவு வேணா மிதி" என்றாள். மிதித்தேன், மிதித்துக்கொண்டே இருந்தேன். வெள்ளி மாலைக்குள் மூன்று. சனிக்கிழமை வகுப்புகளை எல்லாம் தள்ளிவைத்து இரண்டு முறை போய் வந்தோம், ஏழு. ஞாயிறு காலை போய் வந்ததும் ஒன்பது. மத்தியானம் காற்று எழும்பியது, அலை துறைச் சுவரை அறைந்தது. அந்தக் காற்றில் போவது வீரம் இல்லை, மடத்தனம். கரையில் கைகட்டி நின்றோம். அட்டையில் ஒரே ஒரு கட்டம் காலி.

அன்று சாயங்காலம் அக்கா கேட்கவில்லை. ஒன்று குறைகிறது, விட்டுக்கொடுங்கள் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவர் கொடுத்திருப்பாரோ என்னவோ. அவள் அப்படிப்பட்டவள் இல்லை.

திங்கட்கிழமை ஐந்தரைக்குக் காற்று சுத்தமாக அடங்கியிருந்தது. நானும் அக்காவும் துறையில் நின்றோம். பத்தாவது தடவை போய்வந்துவிட்டு அவரை ஏற்றலாம் என்றால் நேரமில்லை. அத்தான் தெருவில் நடந்து வருவது தெரிந்தது. வெள்ளைச் சீருடை, ஒரு கையில் சாப்பாட்டு டப்பா. மறு கையில் பச்சைப் பெட்டி.

அக்கா பெட்டியைப் பார்த்தாள். அவள் முகம் விழுந்ததை நான் பார்க்க விரும்பவில்லை, பார்த்துவிட்டேன். பஸ் நிறுத்தம் வலது பக்கம். துறை இடது பக்கம். அவர் நேராக இடது பக்கம் வந்தார். பெட்டியை என்னிடம் நீட்டினார். உயிர்காப்பு அங்கியை மாட்டிக்கொண்டார்.

"ஒன்பதுதாங்க ஆச்சு" என்றாள் அக்கா.

"தெரியும். பத்தாவதுல நான் இருந்தா ஆகாதா?"

அந்த வார்த்தையைக் கேட்டு ஆகாது அண்ணன் தன் பட்டறையிலிருந்து எட்டிப் பார்த்தார்.

அத்தான் என் பக்கத்தில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார். நான் என் பலகை பிரேக்கில் காலை வைத்தேன். அவரும் வைத்தார். இருவரும் சேர்ந்து மிதித்தோம். அக்கா குமிழைத் தளர்த்திவிட்டுக் கிளப்பினாள். ஐந்தாவது நிமிடம் அவர் ஓரமாகக் குனிந்து வாந்தி எடுத்தார். எடுத்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டு, "எத்தனை நிமிஷம்?" என்றார். எட்டு என்றேன். பத்து என்றேன். பன்னிரண்டு என்றேன். அவர் கண்ணைத் திறந்தார். இன்ஜின் இருமக்கூட இல்லை. பின்னால் தண்ணீர் நேராகப் பீய்ச்சியது. எதிர்க்கரை நீலப் பலகையின் எழுத்தைப் படிக்கும் தூரத்துக்கு வந்தபோது அக்காவின் கன்னம் நனைந்திருந்தது, நுரைத் தெறிப்பு என்று சொல்லிக்கொண்டாள்.

ஆறு பத்துக்குச் சுவரைத் தொட்டோம். அத்தான் படியேறி, காலை நிலத்தில் ஊன்றி, ஒரு மூச்சு விட்டார். பாக்கெட்டிலிருந்து அந்த அட்டையை எடுத்தார். மடித்துக் கொண்டுவந்திருந்தார். சுவரின் மேல் வைத்துப் பத்தாவது கட்டத்தில் டிக் போட்டார்.

"பெட்டி" என்றார்.

நான் நீட்டினேன். இலேசாக இருந்தது. அக்கா அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். "சட்டை எத்தனை எடுத்து வெச்சீங்க?" என்று கேட்டாள், சாதாரணமாகக் கேட்பதுபோல்.

அத்தான் பெட்டியைப் படியில் வைத்துத் திறந்து காட்டினார். உள்ளே ஹாஸ்டல் விரிப்பும் தலையணை உறையும் மடிப்புக் கலையாமல் இருந்தன. மேலே அறைச் சாவி. ஒரு சட்டைகூட இல்லை.

"திருப்பிக் கொடுக்கணும்ல" என்றார். "நீ குமிழைக் கண்டுபிடிச்ச அன்னைக்கே பெட்டியில இருந்த சட்டையெல்லாம் எடுத்து அலமாரியில வெச்சுட்டேன். நீதான் அலமாரியைத் திறக்கவே இல்ல."

அக்கா ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி நின்றாள். அத்தான் பெட்டியை மூடி எடுத்துக்கொண்டு இரண்டு படி ஏறினார், திரும்பினார். "ரெண்டரைக்கு டியூட்டி முடியும். லேட் பண்ணாதே."

"நான் எப்ப லேட் பண்ணினேன்?" என்று கத்தினாள் அக்கா, பதினொரு வருடக் குரலும் சேர்த்து.

திரும்பி வரும்போது அவள் ஸ்டீயரிங்கில் ஒட்டியிருந்த ஸ்டூடியோக்காரரின் டேப்பைக் கிழித்தாள். புதுத் துண்டு ஒன்றை ஒட்டி, ஓட்டிக்கொண்டே என்னை எழுதச் சொன்னாள். என்ன எழுதட்டும் என்றேன். "குறை ஒண்ணும் இல்ல" என்றாள். எழுதினேன். எழுதி முடித்து நிமிர்ந்தால், துறையில் ஆகாது அண்ணன் ஒரு பழைய பம்பைக் கையில் பிடித்துக்கொண்டு எங்களுக்காகக் காத்து நின்றுகொண்டிருந்தார்.